டீ ஆறினால் செய்தி

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் கெட ஆரம்பித்தது. அதற்குக் காரணம் என்று நான் வாயார சபித்த மனிதர், உலகத்திலேயே ஒரு டீ கிளாஸை நம்பிப் பத்திரிகை நடத்திய ஒரே ஆள்.

கல்லூரியில் அவருக்கு 'ஆறுன டீ' என்று பெயர். கெமிஸ்ட்ரி வாத்தியார். மாணவர் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் சம்மதிக்காததால் அது அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து மாணவர்கள் எல்லோரும் அவருக்கு 'நிருபரே'தான். லேபில் ஆசிட்டைக் கவிழ்த்தவனைக்கூட, "நிருபரே, மொதல்ல கையக் கழுவுங்க" என்றுதான் அதட்டுவாராம். இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் ஜெனி தினமும் வீட்டுக்கு வந்து அளப்பது இந்தக் கதைகளைத்தான்.

அடுத்த இதழில் என்ன எழுதலாம் என்று முடிவு செய்ய மற்றவர்கள் மீட்டிங் போடுவார்கள். இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருமங்கலம் ரோட்டில், கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போய்விடுவார். முன்பின் தெரியாத யாராவது டீ வாங்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். வாங்கியதும் ஒரு நிருபர் அவரருகே போய்த் தன் யோசனையைச் சொல்ல வேண்டும். கேட்பவர் குடிக்க மறந்து டீ ஆறிப்போனால் அது செய்தி. குடித்து முடித்தால் குப்பை. சந்தேகம் வந்தால் சார் அந்த ஆளின் கிளாஸைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

நூலகத்துக்குப் புது அலமாரி வந்த சேதியைக் கேட்ட ஒரு கொத்தனார், டீயை முடித்து, இரண்டு பஜ்ஜியும் தின்றுவிட்டு, "அப்பறம் தம்பி?" என்றாராம். பரீட்சை ஹாலுக்குள் மயில் புகுந்த கதைக்கு ஒருவருடைய டீ ஆறியே போனது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஆள் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்குத்தான் வயிற்றெரிச்சல். "சார், ஒங்க பத்திரிகையால ஏங் கடை டீயில சூடே இருக்காதுன்னு ஊரெல்லாம் பேச்சு. வேணும்னா காபிய வச்சுப் பாருங்களேன்."

"காபிய அம்புட்டு நம்ப முடியாதுண்ணே" என்றாராம் சார், மிகவும் பொறுப்பாக.

ஆனால் அவருடைய டீ மட்டும் ஆறியதாகச் சரித்திரமே இல்லை. கொதிக்கக் கொதிக்க மூன்றே மடக்கு. ஒருநாள் கடை வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரை எவனோ தள்ளிக்கொண்டு போக, பிள்ளைகள் "சார், சார்!" என்று அலற, மூன்றாவது மடக்கையும் முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம்.

"பாத்துக்கிட்டே இரும்மா, காலேஜ் முடிக்கிறதுக்குள்ள சார் டீய ஒருநாளாச்சும் ஆற வைக்கிறேன்" என்பாள் ஜெனி. அவளோடு படித்த பிள்ளைகள் பேங்க் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

இதைத் தட்டிக் கேட்கத்தான் ஒருநாள் எங்கள் வீடு இருக்கும் கோச்சடையிலிருந்து பஸ் மாறி அந்த டீக்கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"ஜெனி அம்மாவா? நல்லதாப் போச்சு. காலேஜுக்கு நீங்க வெளி ஆளுதான? மொதல்ல ஒரு டீ சாப்பிடுங்க."

கிளாஸ் என் கைக்கு வந்தது. ஜெனி தொண்டையைச் செருமிக்கொண்டு, பெற்ற தாயிடமே தன் யோசனையைச் சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலப் பஸ் அவர்கள் ஸ்டாப்பில் நிற்பதே இல்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் கூடவே ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். அதைப் படம் பிடித்து எழுதப் போகிறாளாம்.

இந்த யோசனை இங்கேயே ஒழியட்டும் என்று, நாக்கு வெந்தாலும் பரவாயில்லை, ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

"அம்மா குடிச்சுட்டாங்க நிருபரே. குப்பை."

"சார், இது அழுகுணி ஆட்டம்! அது எங்கம்மா சார்!"

பக்கத்து பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. "எம் மகளும் இப்படித்தேன் ஓடி ஏறுறா" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. அவர் கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. சார் புறங்கையால் தொட்டார்.

"செய்தி. ஆனா நிருபரே, ரோட்டோரமா நின்னுதான் படம் எடுக்கணும். நீங்க ஓடக் கூடாது."

ஓடினாள். ஒரு கையில் போனும் மறு கையில் பஸ் கம்பியுமாக ஓடி, கம்பி நழுவி, பின்மண்டை தரையில் அடிக்க விழுந்தாள். அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு பத்து.

தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, கண் திறந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். நான் அழவில்லை. அந்த டீக்கடை வாத்தியாரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடிந்தது.

ஆள் வரவே இல்லை. "ஒங்க சார் எங்க? செய்தி முடிஞ்சதும் ஆள் தேவையில்லையா?" என்று ஜெனியின் தோழி கவிதாவிடம் சீறினேன்.

"காலையிலயும் சாயங்காலமும் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வாராரு ஆன்ட்டி" என்றாள் அவள். "வாட்ச்மேன்கிட்ட ஜெனி எப்படி இருக்கான்னு கேட்டுட்டு, அப்படியே திரும்பிடுறாரு. உள்ள வர பயமா இருக்காம்."

வியாழக்கிழமை காலை ஜெனி கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நாக்குக் குழற அவள் கேட்ட முதல் கேள்வி, "சார் வந்தாராம்மா?"

பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்து கவிதாவுக்குப் போன் செய்தேன். "அந்த மனுஷன உள்ள வரச் சொல்லு."

சாயங்காலம் வந்தார். சவரம் செய்யாத முகம், கையில் அந்தக் கடையின் டீ நிரப்பிய ஃபிளாஸ்க். "திட்டிருங்கம்மா, கேட்டுக்கிறேன்" என்றார். அடுக்கி வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஆவி பறந்தது.

"சார், ஒரு ஐடியா" என்றாள் ஜெனி.

"இப்ப எதுக்கு நிருபரே? படுங்க."

"கேளுங்க சார். நான் கீழ கெடந்தேன்ல… தலையத் திருப்ப முடியல. டயரு மட்டும் தெரிஞ்சுச்சு." ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். "அது மெதுவா நின்னுச்சு சார். நம்ம ஸ்டாப்புலயே. இம்புட்டு நாள்ல… அன்னைக்குத்தான் நின்னுச்சு."

டம்ளர் அவர் மடியிலேயே இருந்தது. ஜெனி கண்களை மூடிக்கொண்டாள், திறந்தாள், மறுபடியும் அவரையே பார்த்தாள். நர்ஸ் வந்து டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனார். அப்போதும் அவர் அசையவில்லை.

பிறகு புறங்கையை எடுத்துத் தன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப் போச்சு ஆத்தா" என்றார்.