காப்பர் டியும் நேந்துவிட்ட கெடாவும்

ரகசியத்த பக்கத்து மாவட்டத்துல ஒளிச்சு வெச்சா சேஃப்னு நெனச்ச ஒரே பி.இ. நான்தான்.

பாப்பாவுக்கு ஒரு வயசு. "அடுத்தது பையன் வேணும்"னு எங்க அத்தை (மாமியார்தான்) குலசாமிக்குக் கெடாவே நேந்து விட்டுட்டாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் சத்தமில்லாம பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயி காப்பர் டி போட்டுட்டு வந்துட்டோம். (அரியலூர்ல போட்டா சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும்ல!) அங்க நர்ஸக்கா, "மொத சில மாசம் ரத்தப்போக்கு முன்னப்பின்ன வரும்மா, திட்டுத்திட்டா படும், பயப்படாத"ன்னாங்க. "தெரியும்க்கா, கூகுள் பண்ணிட்டேன்"னேன். திமிரு!

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க! சாமிக்குப் பொங்க வைக்க நாள் குறிச்சா போதும், எனக்கு வந்துரும். தீட்டுன்னு தள்ளி வெப்பாங்க. திரும்ப நாள் குறிச்சா திரும்ப வரும்! கெடா மட்டும் மக்காச்சோளத் தட்டையா தின்னு ஜிம் பாய் மாதிரி ஆயிட்டான்.

அடுத்த தடவ நாள் குறிச்சப்ப படுறது நின்னுருச்சு. ஜாலி! சொந்தக்காரங்க, அண்டா, கெடா, நான்னு எல்லாம் ஒரே குட்டியானைல ஏறி குன்னம் பக்கம் கோயிலுக்குப் போயாச்சு. மஞ்சப் பொடவை வேற கட்டியிருந்தேன். பானை பொங்குற நேரம், எனக்குப் பின்னாடி அத்தை ஒரு கத்து கத்துனாங்க. (ஆமா. பொடவைலதான்.)

"அய்யய்யோ! உண்டாயிருந்திருக்கா, கலைஞ்சிருச்சே! வண்டிய எடுங்கடா!"

"அத்தை, அதெல்லாம் இல்ல..."

"பேசாத தாயி, ஒடம்பு தாங்காது!"

அதே குட்டியானை, அதே கெடா. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எது? அதே பெரம்பலூர். அதே நர்ஸக்கா! வராந்தாவுல மொத்த சொந்தமும் நிக்குது, நர்ஸக்கா தூரத்துலேந்தே, "ஏம்மா, காப்பர் டி போட்டா இப்புடித்தான் படும்னு சொன்னேன்ல? கூகுள் சொல்லலையா?"

செத்தேன்டா சாமி! எங்க வீட்டுக்காரர் போயி கெடாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டார்.

டாக்டரம்மா பாத்துட்டு, எல்லாம் அதது எடத்துல இருக்குன்னுட்டாங்க. அத்தை என் பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. நான் அழுவுறதுக்கு ரெடி. அப்புறம் மெதுவா, "எனக்கும் போடச் சொன்னாங்கடி. எம் மாமியாருக்குப் பயந்து ஓடியாந்துட்டேன். அதுக்கப்புறம் மூணு பெத்தேன், மூச்சு விட நேரமில்ல"ன்னாங்க. வண்டில ஏறுனதும் சொந்தத்தப் பாத்து, "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே பையன் கிய்யன்னு எவனாச்சும் இவள கேட்டீங்க..." குட்டியானைல எல்லாரும் கெடாவையே பாத்தாங்க!

கெடாவ வெட்டல. கொழுந்தன் அதுக்கு காப்பர்னு பேரு வெச்சுட்டான். இன்னைக்கும் வூட்டுக்கு வர்றவங்க "ஆட்டுக்கு என்னங்க இப்புடி ஒரு பேரு?"ன்னு கேட்டா, நான் சமையக்கட்டுக்கு ஓடிருவேன். கதைய அத்தைதான் சொல்லுவாங்க, மஞ்சப் பொடவைலேந்து!