பெட்டிசத்தார் பாடி மறித்த சந்தி

வெள்ளைக்காரன் இலங்கையில் ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்கவில்லை என்றால், அதற்கு முழுக் காரணம் எங்கள் பெட்டிசத்தார்தான். மனுவுக்கு எங்கள் ஊர்ச்சொல் பெட்டிசம். கோர்ட்டு வாசலில் ஊராருக்குப் பெட்டிசம் எழுதுவது அவர் தொழில். தன் சொந்தக் குறைகளை எழுதுவது பொழுதுபோக்கு. கோயில் மணிக்குச் சுருதி சேரவில்லை என்று எழுதினார். மழை பிந்தியதற்கு அரசாங்கத்திடம் விளக்கம் கேட்டு எழுதினார். அவருடைய இயற்பெயர் பெண்சாதிக்கே மறந்துபோயிருக்கும்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம்; உள்நாட்டு யுத்தத்துக்கு வெகு முந்திய காலம். நான் பட்டினசபை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கிளாக்கர். எந்தப் பட்டினம் என்று சொல்லமாட்டேன். அந்தச் சபை உறுப்பினர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது நல்ல வழக்கறிஞர்கள்.

அப்போது எங்கள் சபையைத் தேசபக்தி பிடித்திருந்தது. சந்தைக்கு முன்னால் போகும் வீதிக்கு யாரோ ஒரு துரையின் பெயர். அதை எடுத்துவிட்டு, மண்ணுக்கு உழைத்த ஒரு தமிழனின் பெயரை வைக்கவேண்டும் என்றார் சேர்மன். எல்லோரும் கைதட்டினார்கள். எந்தத் தமிழன் என்று விசாரித்தால், அவருடைய தகப்பனாராம். உடனே உபசேர்மனுக்குத் தன் மாமனாரின் தியாகங்கள் ஞாபகம் வந்தன. வாதம் மாதக்கணக்கில் இழுத்தது. இடையில் ஒரே ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: பட்டினத்தில் எங்கே தாய்நாட்டுப் பாட்டுக் கேட்டாலும், கேட்டவர்கள் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்கவேண்டும்.

துரையின் பெயர் போய், புதுப்பெயர் வராத அந்த வீதியில் பஸ்காரர்கள் ஒருவரையொருவர் முந்துவதையே தொழிலாக வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை, மீன் விற்கும் செல்லாச்சி கடகப் பெட்டியோடு வீதியைக் கடக்கும்போது பஸ் ஒன்று தட்டி, கால் முறிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு பெட்டிசத்தார் நேரே கந்தோருக்கு வந்தார். வீதியை ஒருவழிப் பாதையாக்கக் கோரும் பெட்டிசம் கையில் இருந்தது. சேர்மன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"பேர் முடிவாகாத ரோட்டுக்கு என்னெண்டு காணும் சட்டம் போடுறது? முதலிலை பேர் வரட்டும்."

வெளியே வந்த பெட்டிசத்தாரின் கண் கலங்கியிருந்தது. "தம்பி, அவளின்ரை கால் ஆரின்ரை பேரிலை இருக்கிற ரோட்டிலை முறிஞ்சதெண்டு டொக்டர் கேக்கேல்லையடா," என்றார்.

திங்கட்கிழமை காலை, சந்தை கூடுகிற நேரம், சந்தியின் நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு நின்று பாடத் தொடங்கினார். தாய்நாட்டுப் பாட்டுத்தான், அவரே கட்டியது. நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பெயர் பெயராக வணங்கும் பாட்டு. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லாத குறையை நிரப்ப, வலிகாமம், தென்மராட்சி என்று பகுதி பகுதியாகக் கிணறுகளைச் சேர்த்திருந்தார். குரல், எண்ணெய் காணாத வண்டி அச்சு.

பொலிஸ்காரர் சல்யூட் அடித்துவிட்டுச் சிலையானார். பஸ்கள் நின்றன. மாட்டுவண்டிகள் நின்றன. மீன்காரப் பெண்கள் மட்டும் விலையை உரக்கக் கூவிக்கொண்டு வீதியைக் கடந்தார்கள். அது பெட்டிசத்தாரின் ஏற்பாடு. "கத்திக்கொண்டு போங்கோ பிள்ளையள். கத்தினால் பாட்டுக் கேக்காது. கேக்காதவைக்குச் சட்டம் இல்லை."

சேர்மனின் கார் நடுவில் அகப்பட்டது. தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது. இறங்கித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வெயிலில் நின்றார். அரை மணித்தியாலம் கழித்துப் பொலிஸ்காரரிடம் மெல்லக் கேட்டார்: "முடியுதோ?"

பொலிஸ்காரர் உதடு அசையாமல் சொன்னார்: "இல்லை ஐயா. இன்னும் வலிகாமத்துக் கிணறே முடியேல்லை."

பிடித்து அடைக்கலாம்தான். ஆனால் தாய்நாட்டுப் பாட்டுக்காரனைப் பிடித்த சேர்மன் என்று உபசேர்மன் ஊரெல்லாம் சொல்லித் திரிவாரே! செவ்வாயும் புதனும் பாட்டு நடந்தது. புதன்கிழமை, பெட்டிசத்தார் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் சேர்மன் பாய்ந்தார்.

"உமக்கு என்ன காணும் வேணும்?"

"ஒருவழி, ஐயா. பேர் ஆறுதலா வரட்டும். எனக்கு இன்னும் தென்மராட்சி கிடக்கு."

மாதக்கணக்கில் முடியாதது அன்று பின்னேரமே முடிந்தது. "இவ்வீதி ஒருவழி" என்று பலகை எழுந்தது. எந்த வீதி என்று அதில் இல்லை. செல்லாச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு சந்தைக்குத் திரும்பி வந்தாள். கால் பழையபடி வரவில்லை, வாய் வந்தது. பெட்டிசத்தாரைக் கண்டதும், "பாட்டை நிப்பாட்டினியளே, அதுவே பெரிய புண்ணியம்!" என்றாள். அவர் வெட்கப்பட்டு நான் கண்டது அன்றைக்கு மட்டுந்தான்.

பிற்பாடு சேர்மனின் தகப்பனார் பெயர் பெரிய எழுத்தில் ஏறியது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கண்டக்டர்மார் "பெட்டிசத்தார் சந்தி இறக்கம்!" என்றுதான் கத்தினார்கள்.

அதைக் கேட்டுக் கொதித்துப்போய் அவர் என்னிடம் ஓடிவந்தார். "உயிரோடை இருக்கிறவன்ரை பேரைச் சந்திக்குச் சொல்லப்படாது. அதை உடனை தடை செய்ய வேணும். இந்தா, பெட்டிசம்!"

"ஓம் அண்ணை, இண்டைக்கே மேலை அனுப்பிறன்," என்றேன்.

அனுப்பவில்லை. என் பிள்ளைகளின் சாதகங்களோடு சேர்த்து இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.