எடை இறங்காத கருந்துளை

"நாப்பது கோடி சூரியன் எடையா? மத்தவங்க எல்லாரும் பத்துக் கோடின்னுதானே சொல்றாங்க?" என்றார் இயக்குநர். "நாலு மணிக்குள்ள சரி பண்ணி அனுப்பிடுங்க."

ஆய்வாளர் தலையாட்டினார். பக்கத்து விண்மீன் திரள் ஒன்றின் நடுவில் இருக்கும் கருந்துளைக்கு அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார். கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. சுற்றி ஓடும் நட்சத்திரங்களின் வேகத்தையும், அது இருக்கும் தூரத்தையும் வைத்துத்தான் கணக்கு. தூரம் நாலு மடங்கானால் எடையும் நாலு மடங்காகிவிடும்.

கைபேசி அடித்தது. மனைவி. வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

"ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பிடுவீங்கதானே?"

"எடை இறங்கினா வரேன்."

"அதுக்கு நீங்க நடந்தே வந்தாதான் உண்டு."

சிரித்தார். பேசி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வருவதில்லை. அவள் விட்டுப்போன குடை வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மழை நாளில்கூட அதை எடுக்காமல் நனைந்துகொண்டு போவார்.

மெதுவாக ஓடிய நட்சத்திரங்கள் மேல் சந்தேகம் வந்து, அவற்றைக் கணக்கிலிருந்து தூக்கினார். ஐம்பது கோடி. திரள் சாய்ந்திருக்கும் கோணத்தை மாற்றினார். எழுபது கோடி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"தூரத்தைச் சரிபார்த்தீங்களா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். தொலைநோக்கி பழுது பார்ப்பவர்.

"அதுல சந்தேகமே இல்ல. அறுநூத்திப் பன்னெண்டு லட்சம் ஒளியாண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அலுவலக உதவியாளர் அக்கா ஆய்வாளருடைய விடுப்புப் படிவத்தோடு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் அதை எழுதிக் கொடுப்பதும், மாலையில் வேண்டாம் என்பதும் அக்காவுக்குப் பழகிப்போயிருந்தது.

"கிழிச்சுடுங்க அக்கா. இந்த வாரமும் போக முடியாது."

அக்கா கிழிக்கவில்லை. படிவத்தையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், மேடம் இருக்கிற ஊருக்கு அறுநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர்னு வாராவாரம் இதுல எழுதுறீங்க; அங்க தூரம்ங்கிற இடத்துலயும் அதையேதான் போட்டு வச்சிருக்கீங்க."