பதினொரு அடி தள்ளி இருக்கும் பதில்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சுகம். அவளுடைய பழைய கணினியும் சுகம். என்னுடையது மட்டும், நீ போன மாதம் சொன்ன பேச்சைக் கேட்டு, அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் உன் அக்காவுக்குக் கேட்கும். ஆகவே தபால்.

"மாமா, இன்னும் எத்தன நாளைக்குப் பழசையே கட்டிக்கிட்டு இருப்பீங்க, புது சாஃப்ட்வேர் ஏத்திடுங்க, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றாய். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். திரை நீலமானது. நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அச்சகத்திலிருந்து திருத்த வந்த மெய்ப்புத் தாள்கள் மேசையில் கிடந்தன, நான் தொடவில்லை. ஜன்னல் திரை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தது, புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன, பன்னிரண்டு சதவீதம் என்றது, முப்பது என்றது, நாற்பதில் அப்படியே நின்றது. நானும் நாற்பதில்தான் நின்றுபோனேன் என்று நினைக்கிறேன். கண் விழித்தபோது மணி மூன்று. திரையில் ஓர் ஏரி. யாருடைய ஏரியோ தெரியாது. அதன் மேல் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது. என் வீட்டில் என்னையே வரவேற்கிறார்களே என்று நானும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கணினியிலிருந்து உன் அக்காவின் கணினிக்கு ஒரு சாம்பல் நிற வயர் இழுத்தேன். அவள் எம்ப்ராய்டரிக்குப் போடும் பூ வடிவங்களை என் அறையிலுள்ள பிரிண்டரில் எடுப்பதற்காக. அவள் கணினியில் இருவருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை. ஒரு நாள் பூக்களுக்கு நடுவே ஒரு குறிப்பு கிடந்தது: 'டீ ஆறுது.' எனக்குக் காது மந்தம், அவள் தையல் மெஷினோ ஊரையே கூட்டும், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கிறது? 'வரேன்' என்று எழுதி வைத்தேன். அதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. 'மழை வருது, மாடில துணி.' 'எடுத்தாச்சு.' 'இன்னிக்கு உப்பு கூட.' 'தெரியும்.' ஒருமுறை அவள் குறிப்பில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி வைத்தேன், தொழில் புத்தி. மூன்று நாள் கோப்புறை காலியாக இருந்தது. மற்றபடி எங்கள் வீட்டில் வாயால் பேசுவது வருகிறவர்களோடு மட்டும்தான்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள், வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி எங்கள் மகள் கேட்டாள். இதை உன் அக்காவிடம் நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 'போகலாமா, இங்கேயே இருந்துடலாமா? உன் மனசுல என்ன இருக்கோ அதுதான்' என்று எழுதிக் கோப்புறையில் வைத்தேன். மறுநாள்தான் நீ சொன்ன காரியத்தைச் செய்தேன். அதன்பின் என் கணினி, இந்த வீட்டில் வேறு கணினியே கிடையாது என்று சாதிக்கிறது. வியாழக்கிழமை சாப்பிடும்போது உன் அக்கா, "பதில் எழுதி வச்சேனே, பாத்தீங்களா?" என்றாள். "பாத்தேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தாள், சரி, போகிறோம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் பெட்டி மேலே ஏறிவிட்டது. சரி, இருக்கிறோம். இரண்டு நாளில் மறுபடி கீழே. மதிய வேளைகளில் அந்த வயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுவரோரமாகப் போய், இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள ஜன்னல் வழியாக நுழைகிறது, மொத்தம் பதினொரு அடி. அதற்குள்ளேதான் எங்கேயோ அவள் பதில் படுத்துக் கிடக்கிறது, கொஞ்சம் தட்டினால் எழுந்து வரும் என்று தோன்றுகிறது. தட்டிக்கூடப் பார்த்தேன்.

கணினி பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். "சார், பழசு பேசுற முறை பாதுகாப்பில்லன்னு புதுசுல நிறுத்திட்டாங்க. அது கூப்பிட்டாலும் இது திரும்பிப் பாக்காது" என்றார். உன் அக்காவுடையதிலும் புதிதை ஏற்றலாமே என்றேன். "அது தாங்காது சார். அம்மாவோட எம்ப்ராய்டரியும் அப்புறம் ஓடாது" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "பக்கத்து ரூம்தானே, எழுந்து போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். பார்த்தேன் என்று சொன்ன ஒன்றைப் போய்ப் பார்ப்பது எப்படி? அவருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

ஆகவே தம்பி, நீ ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்த மாதிரி வந்து, என் கணினியைப் பழையபடி ஆக்கி, அந்தப் பதிலை என் திரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உன் அக்காவிடம் மூச்சு விடாதே. வாழ்நாளில் வேறெதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள், உன் கணினிக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி உன் அக்கா அறைக்குப் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் திரையில் அந்தக் குறிப்பு திறந்தே இருந்தது. என் கேள்வி, அதற்குக் கீழே ஒரே வரி: 'இத இங்க வந்து வாயால கேளுங்க.' எழுதிப் பத்தொன்பது நாள் ஆகிறது. அதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பத்தொன்பது நாள் நான் போகவில்லை. "பசையா?" என்றாள். "இல்ல" என்றேன். நின்றபடியே, போகலாமா இருந்துடலாமா என்று வாயால் கேட்டேன். "வருவீங்கன்னு தோணினப்பல்லாம் பெட்டிய எறக்கினேன், வரலன்னதும் ஏத்திட்டேன். கையே வலிக்குது" என்றாள். பிறகு, "போலாம். அங்க நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்தானாமே" என்றாள். அந்த அறைக்கு ஒரு கணினி போதுமாம், அதுவும் பழையதாம், காலையில் எனக்கு, மதியம் அவளுக்கு. புதுசு ஏறிய என்னுடையதை நீயே எடுத்துக்கொள், ஏரியோடு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. வயரை இணைக்க அல்ல, சுருட்ட.