கேட்கிற உரிமை

"ஜெயிக்கிற இன்ஜின் ஒன்றை என் கையால் செய்யாமல் கண்ணை மூடமாட்டேன்" என்று எல்டன் சபதம் செய்தபோது அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் மண் கார்ப் பந்தயத் தடத்தில் அதுவரை அவன் பெற்றதெல்லாம் முன்னால் போனவர்களின் புழுதி.

சபதத்துக்குத் துணையாக ஒரு மென்பொருள் வாங்கினான். சிலிண்டரின் விட்டம் என்ன, வால்வு எவ்வளவு திறக்கும், காற்று எவ்வளவு சூடு என்று அது கேட்கும், இவன் சொல்வான். உடனே அந்த இன்ஜினின் சக்தியைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். திரையில் எத்தனை இன்ஜின் வெடித்தாலும் செலவில்லை. எல்டன் தாராளமாக வெடிக்கவைத்தான்.

மனைவி மர்லா ஷெட் வாசலில் வந்து நிற்பாள்.

"சாப்பாடு ஆறுது, எல்டன்."

"இரு. நானூறு குதிரைச் சக்தி வந்துருச்சு."

"நானூறு குதிரை வச்சிருக்க. சமையக்கட்டு வரைக்கும் வர ஒண்ணுகூடவா கெடைக்கல?"

"நேர் பாதையில பறக்குது. வளைவுலேருந்து வெளிய வர்றப்பதான் இழுவை இல்ல."

"எனக்கும் அதே கஷ்டந்தான். எவ்வளவு இழுத்தாலும் நீ வெளிய வரமாட்டேங்கற."

எல்டன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் போல்கா நடனத்துக்குப் போகிற பழக்கம் அந்த வருடம்தான் நின்றது. மர்லாவின் சிவப்புச் செருப்பு அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது. மென்பொருள் உலகத்தில் உள்ள அத்தனையையும் அவனிடம் கேட்டது. மர்லாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆனாலும் அது நல்ல வாத்தியார். உச்ச சக்திக்கு ஆசைப்படாதே, வளைவில் இழுக்கிற சக்தியைப் பார் என்று கற்றுக்கொடுத்தது. அதன்படியே பாகங்களைக் கோத்தான். இன்ஜின் பிறந்தது. பெற்ற பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைத்தான்.

மர்லா கேட்டாள்: "ஜெயிச்சவன் இன்ஜினை, முதல் அஞ்சு பேருக்குள்ள வந்த எவனும் வெலைக்குக் கேக்கலாம்னு விதி இருக்கே. பந்தயச் சங்கம் சொல்ற சல்லிசான வெலைக்கே குடுத்துரணுமாமே?"

"காசக் கொட்டி யாரும் இன்ஜின் செய்யக் கூடாதுன்னு வச்ச விதி அது. நம்ம ஊர்ல எவனும் கேக்கமாட்டான். ஞாயித்துக்கெழம சர்ச்சுல என் மொகத்துல முழிக்கணும்ல?"

"ஓ, வெறும் மரியாததானா?" என்றாள் மர்லா. பிறகு, "அண்ணனோட பழைய கார் சும்மா கெடக்கு. நானும் ஓட்டுறேனே" என்றாள்.

எல்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் இவள் என் உலகத்துக்கு வந்துவிட்டாள்! தானே அவளுக்கு வளைவில் திருப்பச் சொல்லிக்கொடுத்தான்.

"ஜெயிக்கணும்னு பேராசப்படாத. அஞ்சாவதா வந்தாப் போதும்."

"எனக்கு அது போதும்" என்றாள் மர்லா.

சனிக்கிழமை எல்டன் ஜெயித்தான். சொல்லிவைத்தாற்போல் ஐந்தாவதாக வந்தாள் மர்லா. முகமெல்லாம் சேறு. கட்டிக்கொள்ளக் கையை விரித்து ஓடினான். அவள் அவனைத் தாண்டி நேராக நடுவரிடம் போனாள். ஒலிபெருக்கி அலறியது: எல்டனின் இன்ஜினை மர்லா கேட்கிறாள்.

"வெளையாடாத, மர்லா. எப்படியும் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போவுது?"

"வராது. அண்ணன் வீட்டுக் கொட்டகைக்குப் போவுது."

"அத வச்சு என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். அது அங்க இருக்கும். நீ இங்க இருப்ப."

கொடுக்க மறுத்தால் வெற்றியும் போய்விடும்; அந்தப் பருவம் முழுக்கத் தடத்தில் கால் வைக்கவும் முடியாது. எல்டன் தலையாட்டினான்.

இன்ஜினைக் கழற்றித் தரவேண்டியதும் அதைத் தோற்றவன் பொறுப்பே. அன்று ஜெயித்தவனும் அவனே, தோற்றவனும் அவனே. ஊரே சுற்றி நின்று பார்க்க, போல்ட்டை ஒவ்வொன்றாகத் திருகினான். மர்லா குனிந்து விளக்குப் பிடித்தாள். அவள் மூச்சு அவன் காதில் பட்டது. இவ்வளவு அருகில் அவள் இருந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது அவன் கை ஒரு கணம் நின்றுவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான்.

"பராக்குப் பாக்காத, எல்டன்" என்றாள். "என் இன்ஜின்ல கீறல் விழுந்துரப்போவுது."