கோயில் காட்டில் நான் எடுத்த வருகைப் பதிவு

தலைவர் பதவியில் கொஞ்ச காலம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். தங்கள் குரல் எல்லா இடத்திலும் தேவைப்படுகிறது என்று தோன்ற ஆரம்பிக்கும். கல்யாண வீடோ, சாவு வீடோ, பஸ் ஸ்டாண்டோ, நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், தொண்டையைக் கனைக்கத் தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நாட்களில் நடந்தது இது. என் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் இதனால் ஒருவனுடைய பிழைப்பு கெட்டது. கெடுத்தவன் நான்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றபின், கொல்லிமலையில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு வீட்டில் குடியேறினேன். சும்மா இருக்கவில்லை. மலையில் வனவிலங்குச் சுற்றுலா சங்கம் ஒன்று தொடங்கினார்கள். படித்தவர் என்று என்னைத் தலைவராக்கினார்கள். (புலி இல்லை, யானை இல்லை. கரடி உண்டு, ஆனால் அது சங்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல.) எங்கள் நம்பிக்கையெல்லாம் மலை அணில் மேல்தான். பூனை அளவுக்கு இருக்கும், செம்பழுப்பு நிறம், வால் மட்டும் ஒரு முழம்.

செயலாளர் பழனியப்பன் என்னிடம் படித்தவன். அடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மனைவி சரஸ்வதியோடு மலைக்கு வந்து ஒரு சின்ன லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்தான். பொருளாளர் பொன்னாயி மலையிலேயே பிறந்தவர். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பழக்கடையும், வாடகைக்கு ஓட ஒரு ஜீப்பும் வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேர்தான் சங்கத்தின் மூளை, முதுகெலும்பு எல்லாம். அந்தச் சமயத்தில் மூளையும் முதுகெலும்பும் பேசிக்கொள்ளாமல் இருந்தன. காரணம், சங்கத்துக்கு அடித்த பேனரில் மலை அணிலின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. தலைவரின் படம் அதன் வாலுக்குக் கீழே தபால்தலை அளவில் இருந்தது. பேனரை அடித்தது பழனியப்பன். நான் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். சொல்ல வேண்டியதைப் பொன்னாயி வழியாகச் சொல்லி அனுப்பினேன்.

"ஏனுங்க ஐயா, அவரு உங்க இடது கைப் பக்கந்தானுங்க நிக்கிறாரு. நேரா சொன்னா வாய் வலிக்குமுங்களா?" என்று அந்த அம்மா கேட்பார். தலைவர்கள் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

மலைக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுச் சாயங்காலமே கீழே இறங்கிவிடுவார்கள். லாட்ஜ் காலியாகவே கிடந்தது. காட்டுக்குள் நல்ல நடைபாதை ஒன்று கிடைத்தால்தான் ஆட்கள் ராத்திரி தங்குவார்கள். மலையிலேயே திருப்புலி நாடு என்ற பகுதியில் ஓர் ஊருக்குச் சொந்தமான கோயில் காடு இருந்தது. கோடாலி படாத காடு. அணில் கூடுகள் அங்கேதான் இருந்தன. அந்த ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் பழனியப்பன் பல மாதம் நடையாய் நடந்தான். திருவிழாவுக்குப் பந்தல் போட்டான், தோளில் மூட்டை சுமந்தான். கடைசியில் அவர் இறங்கி வந்தார். சம்மதம் சொல்லும்போது தலைவர் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. குறை இல்லாம வந்துட்டீங்கன்னா பாதை உங்களுக்கு. குறை வந்துச்சுன்னா முள்ளு வெட்டிப் போட்டுருவோம். செருப்பை வெளிய உட்டுருங்க. தழை ஒடிக்காதீங்க. உள்ள ஆரையும் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க. வேணுமின்னா கையைத் தட்டிக்கங்க."

"பேரு சொன்னா என்னங்க?" என்றேன்.

"கூப்பிட்டா ஏன்னு கேக்கும்."

"ஆரு கேக்கறது?"

"அது ஆருன்னு தெரிஞ்சா நாங்க ஏன் சாமி கூப்பிடாம இருக்கோம்?"

சரி, கூப்பிட மாட்டோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்ததும் பழனியப்பன், எனக்குக் கேட்கிற மாதிரி பொன்னாயியிடம் சொன்னான்: "இது கிடைக்கலீன்னா லாட்ஜைப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டியதுதானுங்க அக்கா."

சேலத்திலிருந்து ஒரு குழு வந்தது. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் பெயர்களையெல்லாம் முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டேன், ஆசிரியனின் கர்வம். அதில் சந்திரசேகர் என்பவர் மலை அணிலைப் பற்றி எனக்குப் பலமுறை போன் செய்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு அவர் லாட்ஜிலேயே படுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. பழனியப்பனுக்குத் தெரியும். அவனும் நானும்தான் பேசிக்கொள்வதில்லையே. பொன்னாயியிடம் சொல்ல மறந்துவிட்டான்.

பிற்பகலில் காட்டு வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு நின்றோம். "எந்த விலங்கு எதிரில் வந்தாலும் ஓடக் கூடாது. ஓடுவது அறியாமை" என்று ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். (என் சட்டையில் நிறைய பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றிலும் எதுவும் இல்லை.) நான் முன்னால், பொன்னாயி நடுவில், பழனியப்பன் கடைசியில் என்று உள்ளே நுழைந்தோம்.

பத்தடி உள்ளே போனதும் வெளிச்சம் மாறிவிட்டது. சருகு ஈரமாக இருந்ததால் காலடிச் சத்தம் எழவில்லை. எங்கோ சீகாரப் பூங்குருவி ஒன்று மனிதன் சீட்டியடிப்பதுபோலவே ராகம் இழுத்துப் பாதியில் நிறுத்தியது. அதை விளக்க வாயைத் திறந்தேன், ஏனோ மூடிக்கொண்டேன். பிறகு பனிமூட்டம் இறங்கியது. மலையில் அது வருவதைப் பார்க்க முடியாது. சற்றுமுன் இருந்த மரம் இப்போது இல்லை என்பதை வைத்துத்தான் தெரியும். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிழல்களானார்கள். பிறகு நிழலும் இல்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

கையைத் தட்டினேன். பதிலுக்குக் கைகள் தட்டின. அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் எந்தத் தட்டு யாருடையது? யார் இருக்கிறார், யார் இல்லை? ஆயுள் முழுக்க வகுப்பறையில் கேட்ட கேள்வி அது. இத்தனை பேருக்குப் பொறுப்பானவன் நான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. மறந்து செய்தேன் என்று சொன்னால் பொய். மெதுவாகக் கூப்பிட்டால் தப்பில்லை என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

"மாலதி."

"இருக்கேன் சார்."

"ராமமூர்த்தி."

"இங்கதான் இருக்கேன்."

ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனேன். வெள்ளையிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஆனந்தமாக இருந்தது.

"சந்திரசேகர்."

பிறகு பின்னாலிருந்து தாழ்ந்த குரலில், "இருக்கேன்."

கடைசிப் பெயரும் முடிந்தது. பொன்னாயி தடவிக்கொண்டே வந்து என் சட்டையைப் பிடித்தார். "ஐயா, போதுமுங்க. பேரு சொல்லாதீங்க."

"முடிஞ்சுதும்மா" என்று நிமிர்ந்தேன். அப்போது தலைக்கு மேலே மூட்டம் ஒரு கணம் விலகி, கிளைக் கவட்டில் இலைகளால் கட்டிய பெரிய கூடு தெரிந்தது. மலை அணிலின் கூடு. அத்தனை தடவை போன் செய்த மனிதருக்கு இதைக் காட்டாமல் இருப்பதா?

"சந்திரசேகர், முன்னால வாங்க."

யாரும் வரவில்லை. காது மந்தம்போல என்று நினைத்து உரக்கக் கூப்பிட்டேன். "சந்திரசேகர்."

"இருக்கேன்."

குரல் முன்னாலிருந்து வந்தது. எங்களில் யாரும் போகாத பக்கம். மேட்டின் மேலிருந்து, மிக அருகில், தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவர் சொல்வதுபோல.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பழனியப்பன். என் வாயை அடைக்கத்தான் பின்னாலிருந்து ஓடி வந்திருக்கிறான். பல வாரங்களுக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசினான்.

"ஐயா, அந்தாளு வரவே இல்லீங்க. லாட்ஜுல படுத்திருக்காரு."

"மொதல்ல இருக்கேன்னு சொன்னாரே?"

"அது நானுங்க. ஆளைக் காணோம்னு நீங்க சத்தம் போடுவீங்கன்னுதான் சொன்னேன். உங்க கிளாஸ்ல அடுத்தவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கமுங்க."

"அப்ப இப்பச் சொன்னது?"

அவன் மேட்டைப் பார்த்தான். "மொதல்ல சொன்னது நானுங்க. இப்பச் சொன்னது நான் இல்லீங்க."

மேட்டில் சருகு அமுங்கியது. ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை.

ஓடுவது அறியாமை என்று சொன்னவன்தான் முதலில் ஓடினேன். சங்கத்தின் வரலாற்றில் நான் முன்னின்று நடத்திய ஒரே காரியம் அது. கழுத்தில் தொங்கிய தொலைநோக்கி மார்பில் மாறி மாறி அடிக்க, வேரில் தடுக்கி, கொடியில் சிக்கி, கடைசியில் ஏதோ திண்டில் ஏறி ஓர் இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அது கம்பியல்ல, சாமியின் வேல் என்று தெரிந்தது. ஊர்க்காரர்களே ஏறாத பீடத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

மற்றவர்களைப் பொன்னாயி கையைத் தட்டித் தட்டியே வெளியே கொண்டுவந்து சேர்த்தார். காட்டு வாசலில் ஊர்க் கவுண்டர் நின்றிருந்தார். என் குரல் அவர் வீடுவரை கேட்டிருக்கிறது.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார்.

"வந்துட்டாங்க."

"கூப்பிட்ட எல்லாருமா?"

அந்த இடத்தில் அவர் காலில் விழுந்திருந்தால் ஒருவேளை மனம் இரங்கியிருப்பார். பழனியப்பன் விழுந்தே விட்டான். நானோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கரிச்சான் குருவி இனத்தில் ஒன்று மற்ற குரல்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் என்று பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாக முழுவதும் கேட்டார்.

"சரிங்க. குருவியாவே இருக்கட்டும். பேரு சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட வாக்குக் குடுத்தது குருவியாங்க?"

பொழுது சாய்வதற்குள் பாதையில் முள் வந்து விழுந்துவிட்டது.

லாட்ஜுக்குத் திரும்பியபோது சரஸ்வதி வாசலிலேயே நின்றிருந்தார். சந்திரசேகர் நன்றாகத் தூங்கினார் என்றும், காட்டில் மூட்டம் இறங்கிய நேரத்தில் இஞ்சித் தண்ணீர் கொண்டுபோனபோது கண்ணைத் திறக்காமலே "இருக்கேன்" என்று சொன்னார் என்றும், தான் கூப்பிடவே இல்லையே என்று தனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றும் சொன்னார். சந்திரசேகரிடமே கேட்டேன். யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது, வாத்தியார் குரல் மாதிரி இருந்தது என்றார். கரிச்சான் குருவியை வைத்து இதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பருவத்துக்கு முன்பே பழனியப்பன் லாட்ஜைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். சங்கம் தானாகக் கரைந்தது. பேனரைப் பொன்னாயி மிளகு காயவைக்க எடுத்துக்கொண்டார். வெயில் நாளில் அந்த வழியாகப் போனால் அணிலின் வாலுக்குக் கீழே என் முகத்தின் மேல் மிளகு காய்வதைப் பார்க்கலாம்.

என் வீட்டுக்கு மட்டும் ஒரு வாசகம் மிச்சமானது. பாத்திரம் உடைந்தால், பலகாரம் குறைந்தால், யார் என்று கேட்டால் பேத்தி சொல்வாள்: "மொதல்ல எடுத்தது நானுங்க. இப்ப எடுத்தது நான் இல்லீங்க." என் மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, "பதில் சொல்றது நீங்கதானே?" என்று எட்டிப் பார்ப்பாள்.

போன தைப்பொங்கலுக்குப் பழனியப்பனும் சரஸ்வதியும் வந்திருந்தார்கள். அதைச் சொன்னவனே அவன்தான் என்று தெரியாமல் பேத்தி அவர்கள் முன்னாலேயே அந்த வாசகத்தைச் சொன்னாள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் பழனியப்பன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிடு என்று அன்றுதான் அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். "உடுங்க ஐயா, அதைப் போயி" என்றான்.

சரஸ்வதி சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவரு தூக்கத்துல பதில் சொன்னப்ப பக்கத்துல நின்னது நானுங்க" என்றார். "எனக்கு இன்னும் சிரிப்பு வரலீங்க."