மாப்பிள்ளை முதுகுக்கு ஏற்ற பை

வெண்டெல் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தான். முதுகில் புதுப் பை. பைக்குள் நாற்பது பவுண்டு உப்பு மூட்டை இரண்டு. இடுப்புப் பட்டையின் பக்கிள் என்ன செய்தும் திறக்கவில்லை. கைகால்களை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, இனி ஆகிற கதை இல்லை என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி மார்னி அவனைத் தாண்டிப் போய்க் காபி ஊற்றிக்கொண்டாள்.

"இது எத்தனாவது பை?"

"ஆறாவது."

"அஞ்சாவது பை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது பின்பக்கமா இழுக்குது மார்னி. சுமை தோளுக்கு நடுவுல, முதுக ஒட்டி நிக்கணும். இல்லாட்டி ஆளையே சாய்ச்சிடும்."

"இது சாய்க்கல?"

தரையில் கிடந்தபடியே பக்கிளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் மார்னியின் அப்பா பர்ல்தான். மொன்டானாவில் அவர்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் எல்க் மானைச் சுடுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. பல் டாக்டர்கூடச் சுடுவார். சுட்டதை வண்டி நிற்கிற இடம் வரைக்கும் நாலு மைல் யார் சுமந்து வருகிறார்கள் என்பதில்தான் மரியாதை எல்லாம். போன வருடம் பர்ல் சுட்ட மானின் பின்தொடை ஒன்றை வெண்டெல் முதுகில் ஏற்றினார்கள். அறுபது பவுண்டு. பாதி வழியில் அவனுடைய பழைய பையின் பட்டை அறுந்தது. தொடை சரிவில் உருண்டு, ஓடையில் விழுந்து, அவனுக்கு முன்னாலேயே வண்டிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று கூடாரத்தில் நண்பர்கள் அத்தனை பேர் முன்னாலும் பர்ல் சொன்னார்: "மாப்ள, அடுத்த வருஷம் நீ கூடாரத்துலயே இருந்து பான்கேக் சுடு. அது உருண்டு போனா ஒண்ணும் நஷ்டமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டெலும் சிரித்தான். ஆனால் ஒரு வருடமாக அந்தச் சொல் அவனுக்குச் செரிக்கவில்லை. வெளியூர்க்காரன், இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணமாகி நாலு வருடமாகியும் மாமனார் தோளில் கைபோட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. சீசன் தொடங்க இன்னும் பதினைந்து நாள். இந்தத் தடவையும் சுமக்க முடியவில்லையென்றால் ஆயுசு முழுக்கப் பான்கேக்தான்.

மார்னி கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி அவனை மீட்டாள். வெட்டிய பையைத் தூக்கிக்கொண்டு அவன் நேரே நெட்டியின் கடைக்குப் போனான்.

ஊரில் வேட்டைச் சாமான் விற்கும் கடை அது ஒன்றுதான். நெட்டிக்கு அறுபது வயது இருக்கும். பை வாங்க வருகிறவன் முதுகில் மணல் மூட்டையை ஏற்றி, கடைக்குப் பின்னால் உள்ள படிகளில் பத்துத் தடவை ஏறி இறங்க வைத்துவிட்டுத்தான் விற்பாள்.

"ஆறு பையும் நல்ல பைதான் தம்பி. உனக்கு என்னதான் வேணும்?"

"நூறு பவுண்டு ஏத்தினாலும் நான் நிமிந்து நடக்கணும் அக்கா. மாமா அத கண்ணால பாக்கணும்."

நெட்டி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், சட்டம் வைத்த ஒரு பெரும் பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்கு மேல பெரிசு எங்கிட்ட இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். மணலும் உப்பும் போட்ட இடத்துல கெடக்கும். கறி அப்படி இல்ல, நடக்க நடக்க நகரும். கறிய வச்சுப் பாத்தாத்தான் பையோட குணம் தெரியும்."

அவள் இதைச் சும்மா பேச்சுக்குச் சொன்னாள். நம் ஆள் வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மார்னி வேலைக்குப் போனதும், கார் ஷெட்டில் இருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்தான். போன வருடத்துக் கறி முழுவதும் வெள்ளைத் தாளில் சுற்றி, மார்னியின் கையெழுத்தோடு அடுக்கடுக்காக இருந்தது. நூறு பவுண்டு எடை போட்டுப் பைக்குள் அடைத்துக்கொண்டு, ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைப்பாதையில் ஏறினான்.

கொஞ்ச தூரத்திலேயே சிக்கல். உறைந்த கறி எங்கே நகரும்? செங்கல் மாதிரி முதுகெலும்பில் குத்திக்கொண்டு நின்றது. இது நியாயமான பரீட்சை ஆகாதே என்று வெண்டெலுக்குப் பட்டது. சற்றே இளகட்டும் என்று பையோடு ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆகஸ்ட் மாத வெயில் இதமாக இருந்தது. கண் அசந்துவிட்டான்.

மத்தியானம் பிடரியை யாரோ நக்கியபோதுதான் விழித்தான். நாய். கறி நன்றாகவே இளகி, பையின் அடியிலிருந்து ரத்தமும் நீரும் சொட்டிக்கொண்டிருந்தது.

நாயை அனுப்பிவைக்க ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூரமாக வீசினான். அது தின்றுவிட்டுத் திரும்பி வந்தது, கூட நாலு பேரை அழைத்துக்கொண்டு. வெண்டெல் எழுந்து மேல்நோக்கி ஓடினான். ஐந்து நாய்களும் பின்னால் ஓடின.

ஓடும்போதுதான் கவனித்தான், முதுகு வலிக்கவேயில்லை. நூறு பவுண்டும் தோளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு சொன்னபடி கேட்டது. அவனுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. கால்சட்டை முழுக்க ரத்தம் வழிய, நாய்கள் சூழ, வாய்விட்டுச் சிரித்தபடி மேட்டில் ஏறி நின்றான்.

அங்கே வேட்டைக் காவல் அதிகாரி ஒருத்தி தன் வண்டியில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

"சார், பையில என்ன?"

"எல்க் கறி மேடம்."

"சீசன் தொடங்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கே."

"இது போன வருஷக் கறி. வீட்டு ஃப்ரீசர்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன்."

அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "ஊர்ல எல்லாரும் மலையிலேர்ந்துதான் வீட்டுக்குக் கறி கொண்டு போவாங்க. நீங்க வீட்லேர்ந்து மலைக்குக் கொண்டு வந்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"என்ன, காத்து வாங்கவா?"

"பை சரியா இருக்கான்னு பாக்க."

அவள் பையைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாகப் படித்தாள். எல்லாவற்றிலும் போன வருடத் தேதி. ஒன்றில் மட்டும் கூடுதலாக எழுதியிருந்தது. சத்தமாக வாசித்தாள்: "நல்ல துண்டு. அப்பா வந்தா காட்டாதே."

"அது என் மனைவி எழுதினது."

"நம்பறேன். இத யாரும் கதை கட்ட முடியாது. ஆனா கறி இளகிடுச்சு சார். திரும்ப உறைய வச்சா சரிவராது. கெட்டுப்போக விட்டீங்கன்னா வேட்டைக் கறிய வீணாக்கினதா நான் கேஸ் எழுதணும். இன்னிக்கே தின்னு தீத்துடுங்க."

"நூறு பவுண்டையுமா?"

"ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? வண்டியில ஏறுங்க, கொண்டு விடறேன்."

"வேணாம் மேடம், நடந்தே வரேன். ஏத்தம் பாத்தாச்சு, இறக்கம் இன்னும் பாக்கல."

அப்படியாக ஊர்வலம் கிளம்பியது. முன்னால் வெண்டெல், நடுவில் நாய்கள், பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல ஊரும் அரசாங்க வண்டி. கடைத்தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வெளியே வந்து பார்த்தார்கள். செய்தி அவனுக்கு முன்பே வேலையிடத்தில் இருந்த மார்னிக்குப் போய்விட்டது. அவன் வீடு வந்து சேர்ந்தபோது, பக்கத்து வீட்டு அடுப்புகளையும் கடன் வாங்கி, முற்றத்தில் மூன்று இடத்தில் நெருப்பு மூட்டியிருந்தாள்.

"வருஷம் பூரா திங்க வேண்டியத ஒரே நாள்ல ஆக்க வச்சிட்டியே. நீ நல்லா இருப்பியா வெண்டெல்?" என்றாள். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டு வந்துவிட்டது. பர்லும் வந்தார். வெண்டெல் பையை இறக்காமல், மிச்சக் கறியோடு அவருக்காகவே நின்றுகொண்டிருந்தான்.

பர்ல் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பட்டைகளை இழுத்துப் பார்த்தார். தோளை அமுக்கிப் பார்த்தார். குனிந்து முழங்காலைக்கூடப் பார்த்தார்.

"எத்தன பவுண்டோட ஏறின?"

"நூறு மாமா. இறங்கும்போது நாய்க்குப் போட்டது போகத் தொண்ணூத்தெட்டு."

"முதுகு வலிக்குதா?"

"துளிகூட இல்ல."

பர்ல் தொப்பியைக் கழற்றினார். வெண்டெல் தோளில் கையைப் போட்டார். "பான்கேக்க வேற எவனாவது சுடட்டும். இந்த வருஷம் நீ என்கூட மலைக்கு வரே மாப்ள."

வெண்டெலுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடத் தவம். பையை ஒரு வழியாக இறக்கிவிட்டு, தட்டும் கையுமாக நின்ற நெட்டியிடம் ஓடினான்.

"அக்கா, இது பை இல்ல, தெய்வம்."

"மத்த மூணு பேரும் இதேதான் சொன்னாங்க."

"எந்த மூணு பேரு?"

"உன் சகலைங்க. அவங்களையும் பர்ல் முதல் வருஷம் பான்கேக் சுடத்தான் சொன்னாரு. மூணு பேரும் வந்து இதே பையத்தான் வாங்கினாங்க. இப்ப ரெண்டு பேருக்கு முதுகு போச்சு. ஒருத்தன் அரிசோனாவுக்கே குடிபோயிட்டான்."

வெண்டெல் மாமனார் பக்கம் திரும்பிப் பார்த்தான். பர்ல் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மாமா எந்தப் பை வச்சிருக்காரு?"

"அவருக்கு எதுக்குப் பை?" என்றாள் நெட்டி, எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியபடி. "முன்னெல்லாம் கறி சுமக்க ரெண்டு கோவேறு கழுதை வச்சிருந்தாரு தம்பி. மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் ஆன மறுநாளே ரெண்டையும் வித்துட்டாரு."